நீல மையில் சுண்ணாம்புக்கல்

அந்த உரத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. தகட்டக்காவுக்கு மட்டும் பட்டப்பெயரே பெயராகிப் போனது. சம்பளப் பதிவேட்டில் வேறு ஏதோ எழுதியிருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். தகரத் தகட்டில் எழுத்து வெட்டி, அதை வெறும் சாக்கின் மேல் வைத்து, மை தோய்த்த உருளையை ஓட்டி, உள்ளே இருப்பது இன்னது என்று ஊருக்குச் சொல்வது அவள் வேலை. இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே போவதை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

இதில் யாருடைய தவறும் கிடையாது. வேலையின் அமைப்பு அப்படி. நிரம்பிய மூட்டைக்கு வயிறு வந்துவிடும். வயிற்றின் மேல் எழுதினால் எழுத்து கோணும். மை காய ஒரு பகலும் வேண்டும். அதனால் சாக்குகளைத் தட்டையாகப் போட்டு முந்தின நாளே எழுதிவிடுவார்கள். மறுநாள் அவை கொட்டகையின் மறுகோடிக்குப் போய், தூள் கொட்டும் குழாயடியில் வாயைத் திறந்து நிற்கும். எழுத்து முதலில், பொருள் பிறகு. உலகத்தில் பல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன என்றாலும், சாக்கில் நடக்கும்போது கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறது.

ஜிப்சத்துக்கு நீல மை. சுண்ணாம்பு வகையறாவுக்குப் பச்சை. சூப்பர் பாஸ்பேட்டுக்குச் சிவப்பு. சுமைகாரர்களும் மேற்பார்வையாளர்களும் முதலாளியும் நிறத்தைத்தான் படித்தார்கள். பெயருக்குக் கீழே இருந்த வாய்பாட்டைக் கொட்டகையில் அவளைத் தவிர யாரும் பொருள் தெரிந்து படித்ததில்லை. அவளுக்கோ அது உறவுக்காரர்களின் குணம் மாதிரி மனப்பாடம். CaCO₃ சுண்ணாம்புக்கல், சாது. அதைச் சூளையில் போட்டு வாட்டினால் CaO, சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டால் சீறும். சீறி ஓய்ந்தபின் Ca(OH)₂, நீற்றிய சுண்ணாம்பு. “சூடு பட்டவன் முதல் சொட்டுத் தண்ணிக்கே கத்துவான், அப்புறம் அடங்கிருவான்” என்பாள். டாலமைட்டில் மக்னீசியம் பாதி வீட்டுக்குக் குடி வந்திருக்கிறது. சூப்பர் பாஸ்பேட், Ca(H₂PO₄)₂, அவளுக்குப் பிடிக்காது. அடைப்புக்குறியின் வளைவு தகட்டில் அடிக்கடி கிழியும். O எழுத்துக்கோ நடுவில் ஒரு பாலம் விட்டு வெட்டாவிட்டால் வயிறு கழன்று விழுந்துவிடும்.

அவள் கோபம் தொழிற்சாலையில் பிரசித்தம். ஆனால் சத்தம் வராத கோபம். வாய் மூடும், கை வேகமாகும். சாதாரண நாளில் நானூறு சாக்கு. கோபம் வந்த நாளில் அறுநூறு. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த ஒரு மேற்பார்வையாளர், அவசர லோடு இருக்கும் நாள்களில் காலையிலேயே அவளிடம் வந்து ஏதாவது சொல்லி வம்பிழுத்துவிட்டுப் போவார் என்று ஒரு பேச்சு உண்டு.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு சண்டை. ஜிப்சத்துக்குத் தகடு வெட்டச் சொல்லித் துண்டுச் சீட்டில் CaSO₄·2H₂O என்று எழுதித் தந்திருந்தார்கள். அவள் முன்பாதியை வெட்டிவிட்டு, பின்பாதியை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் படித்த வரைக்கும் H₂O என்றால் தண்ணீர். ஜிப்சமோ கையில் அள்ளினால் புகையாகப் பறக்கும் உலர்ந்த தூள். யாரோ கைத்தவறாக எழுதியிருக்கிறார்கள் என்று தீர்மானித்துவிட்டாள். ஆய்வுக்கூடத்திலிருந்து அப்போதுதான் மீசை அரும்பியிருந்த ஒரு கெமிஸ்ட் தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, பாதியை எங்கே தின்றாய் என்கிற தோரணையில் கேட்டான். இதில் தண்ணி எங்கே இருக்கிறது, காட்டு என்று அவளும் இடுப்பில் கை வைத்தாள். அவன் ஒரு கரண்டித் தூளைக் கண்ணாடிக் குழாயில் போட்டுச் சுடரில் காட்டினான். சற்று நேரத்தில் குழாயின் குளிர்ந்த வாயருகே வியர்வை மாதிரி துளிகள் பூத்தன. உலர்ந்த தூளுக்குள்ளிருந்து ஈரம். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர்தான்.

அன்றிலிருந்து அவள் கண்ணைவிட வாய்பாட்டை நம்பினாள். இரண்டு வருஷம் கழித்து அந்தக் கெமிஸ்ட்டையும் நம்பிக் கட்டிக்கொண்டாள். ஜிப்சம் தகட்டில் நடுப்புள்ளியின் துளை மட்டும் மையில் அடைத்துக்கொண்டே இருக்கும். அதனால் அந்தப் புள்ளியை ஒவ்வொரு சாக்கிலும் தூரிகையால் கையாலேயே வைப்பாள். லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

அவள் தம்பி அந்தப் புள்ளியை நம்பினான்.

தம்பிக்குச் சொந்த நிலம் கிடையாது. யாரும் சீண்டாத எட்டு ஏக்கர் களர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். வெயிலில் மேலே வெள்ளையாகப் பூக்கும். மழையில் தண்ணீர் இறங்காமல் கலங்கலாகத் தேங்கும். காய்ந்தால் ஓடு மாதிரி வெடிக்கும். நிலக்காரர் நிபந்தனை போட்டிருந்தார்: இந்த வருஷ மழையில் மண் வழிக்கு வந்ததற்கு ஓர் அடையாளம் தெரியவேண்டும், இல்லாவிட்டால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். மண் பரிசோதனைச் சீட்டில் கார அளவு ஒன்பதரையைத் தொட்டிருந்தது. மருந்து ஒன்றுதான். ஜிப்சம், பத்து டன், முதல் மழைக்கு முன்னால். ஜிப்சம் கரைந்து, அதிலுள்ள கால்சியம் மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தைத் தள்ளிவிடும். தள்ளிய சோடியத்தை மழை கீழே கழுவிக்கொண்டு போகும். மழை தப்பினால் அடுத்த வருஷம்தான். தம்பிக்கு அடுத்த வருஷம் கிடையாது.

அக்கா வேலை செய்யும் இடம் என்று அங்கேயே இருநூறு மூட்டை கேட்டு வாங்கினான். மூட்டைகள் வந்து ஒரு வாரமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் பார்க்கப் போனாள். பாதி நிலத்தில் நூறு மூட்டையை இறைத்து உழுதுவிட்டிருந்தான். மீதி நூறு, வீட்டுச் சுவரோரம் அடுக்கியிருந்தது. நீல எழுத்து, சாய்ந்த புள்ளி. பிரித்து வைத்திருந்த ஒரு மூட்டைக்குள் சும்மா கையை விட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

ஜிப்சம் விரலுக்கிடையில் மாவாக வழுக்கும். இது நரநரவென்றது.

தம்பி மனைவி குடிக்க எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். தகட்டக்கா அவள் கையிலிருந்த பாதிப் பழத்தை வாங்கித் தூளின் மேல் நாலு சொட்டு விட்டாள். ஜிப்சம் எலுமிச்சைக்கு மசியாது. கலப்படமாக இரண்டொரு குமிழி வந்தால் மன்னிக்கலாம். இது நுரை தள்ளிப் பொங்கியது. சுண்ணாம்புக்கல். அப்பட்டமான CaCO₃.

“என்ன அண்ணி, கெட்டுப்போச்சா?” என்றாள் தம்பி மனைவி.

கெடவில்லை, வேறு, என்று மட்டும் சொன்னாள். தம்பிக்கு விளக்கவேண்டியிருந்தது. காரம் ஏறிய மண்ணில் சுண்ணாம்புக்கல் கரையாது, கல்லாகவே கிடக்கும். பூட்டிய வீட்டுக்குள் நெல் இருக்கிற மாதிரி, கால்சியம் இருக்கும், உதவாது. புளித்த மண்ணுக்குக் கொடுக்கிற மருந்தைக் காரமண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தம்பி மூட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“உன் புள்ளி இருந்துச்சேக்கா. அதான் நான் சோதிச்சுக்கூடப் பார்க்கல.”

திரும்பி வந்த பேருந்தில் அவளுக்கு ஒரே நினைப்பு. ஏமாற்றியவன் யாராக இருந்தாலும், ஏமாற்றைச் சுமந்துகொண்டு போனது அவள் எழுத்து. தொழிற்சாலை வாசலைத் தாண்டவைத்ததும் அதுதான். இதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

சான்றிதழ் இல்லாமல் எந்த லோடும் வெளியே போகாது. சான்றிதழில் கையெழுத்துப் போடும் கெமிஸ்ட், வீட்டில் நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். மீசை நரைத்துவிட்டது, தோரணை நரைக்கவில்லை. தம்பி லோடில் இருந்தது என்ன என்று கேட்டாள். கொஞ்சம் இழுத்தார். ஜிப்சம் வரத்து குறைவு, பருவமோ நெருக்குகிறது, முற்றத்தில் சுண்ணாம்புக்கல் தூள் மலையாகக் கிடக்கிறது என்றார். அந்த லோடு தம்பியுடையது என்று தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான், அவர் பார்த்தது எண்ணை மட்டும்.

“கையெழுத்துப் போட்டீங்களா?”

“போட்டேன். அதுல பொய் ஒண்ணும் இல்ல. சீட்டுல கேட்டது கால்சியம் குறைஞ்சது இருபத்து மூணு சதவீதம். இருந்தது முப்பத்தெட்டு. கூடுதலாத்தான் குடுத்திருக்கோம்.”

“ஜிப்சத்துக்குப் பதிலா.”

“எல்லாம் கால்சியம்தானே.”

அவள் சமையலறைக்குப் போனாள். இருட்டும் முன்பே தட்டு வந்துவிட்டது, வேகவைத்த காயும் சோறுமாக. கெமிஸ்ட் ஒரு வாய் வைத்தார். முகம் சுருங்கியது. இரண்டாவது வாயில் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“என்னத்தைடீ போட்ட இதுல?”

“சமையல் சோடா.”

“உப்பு எங்க?”

“தீர்ந்துபோச்சு. வரத்து குறைவு. சோடாதான் மலையாக் கிடந்துச்சு.” அவள் தன் தட்டில் உப்புப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “எல்லாம் சோடியம்தானே. சாப்பிடுங்க.”

NaCl-க்கும் NaHCO₃-க்கும் என்ன வேறுபாடு என்று அந்த வீட்டில் அவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தார்.

திங்கள்கிழமை காலை முதலில் அவள் நேராக முதலாளியிடம் போனாள். இதைச் சொல்லிவிடவேண்டும், பின்னால் எல்லாரும் அவள் எடுத்தவுடன் கலகம் செய்தாள் என்று கதை கட்டினார்கள். அது அப்படியில்லை. கதவைத் தட்டி, அனுமதி வாங்கி, நின்றுகொண்டே, தம்பிக்குப் போன இருநூறு மூட்டையையும் ஜிப்சமாக மாற்றித் தரவேண்டும் என்று கேட்டாள். முதலாளி கெட்டவர் போலப் பேசுகிறவர் அல்ல. தண்ணீர் குடிக்கிறாயா என்று விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“எல்லாம் கால்சியம்தானேம்மா.”

நேற்றுத் தன் வீட்டுக் கூடத்தில் கேட்ட வாக்கியம் எந்த அறையில் பிறந்தது என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. மனுஷன் சொந்தமாகக்கூடப் பொய் சொல்லவில்லை.

பின்கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே அசல் ஜிப்சம் கிடக்கிறதே என்றாள். அது சிமென்ட்டுக்காரனுக்கு என்றார் முதலாளி. சிமென்ட் சீக்கிரம் இறுகிவிடாமலிருக்க ஜிப்சம் சேர்ப்பார்கள். அதற்கும் இதற்கும் என்ன என்று அவள் கேட்டாள்.

“அவன் ஒவ்வொரு லோடையும் சோதிச்சுப் பார்ப்பாம்மா.”

சொல்லிய பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே புரிந்திருக்கவேண்டும். மேசையில் இருந்த பேனாவை நேராக்கி வைத்தார். சோதிக்கிறவனுக்கு அசல், நம்புகிறவனுக்குக் கல்.

“இத பாரு, எழுதறது உன் வேலை. உள்ள என்ன போகுதுன்னு பார்க்கறது என் வேலை. நாளைக்கு மூணு லாரி போகணும். அறுநூறு சாக்கு, ஜிப்சம். போய் எழுது.”

அவள் போய் எழுதினாள். அன்றைக்கு யாரும் வம்பிழுக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. மூன்று மணிக்குள் அறுநூறும் முடிந்துவிட்டது. பக்கத்து மேடையில் மூட்டை வாய் தைக்கும் தையலம்மா, அக்காவின் உருளை போகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, யார் பெயரைச் சொல்லி மை அடிக்கிறாய் என்று கேட்டாளாம். அக்கா அடுத்த சாக்கை இழுத்துப் போட்டாள். நீல மை, வழக்கமான இடம், வழக்கமான அளவு. தகடு மட்டும் வேறு. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்புக்கல் தூள். அதன் கீழே CaCO₃. ஜிப்சம் தகட்டை ஒரு துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சாக்குகள் நிரம்பின. குழாய்க்காரன் நீலத்தைப் பார்த்தான், நிரப்பினான். தையலம்மா வாயைப் பார்த்தாள், தைத்தாள். சுமைகாரர்கள் நீலத்தைப் பார்த்தார்கள், ஏற்றினார்கள். மேற்பார்வையாளர் நீலத்தை எண்ணி, சரி என்று கையொப்பமிட்டார். அறுநூறு மூட்டையும் தத்தம் நெஞ்சில் உண்மையை எழுதிக்கொண்டு அத்தனை பேரையும் தாண்டிப் போயின. அந்த இடத்தில் உண்மையை ஒளித்துவைக்க அதை எழுதிவைப்பதுதான் சிறந்த வழி.

மாட்டியது வாசலில்.

வாசல் குமாஸ்தாவுக்கு ‘ஒத்துப்பார்’ என்று பெயர். சில வருஷங்களுக்கு முன் டாலமைட் கேட்டவருக்குச் சூப்பர் பாஸ்பேட் போய் லாரி திரும்பி வந்ததிலிருந்து, முதலாளியே ஒரு விதி செய்து வாசலில் பலகையும் மாட்டியிருந்தார்: சீட்டும் மூட்டையும் ஒத்தால்தான் கதவு திறக்கும். ஒத்துப்பாருக்கு வேதியியலும் தெரியாது, அந்த ஆங்கில எழுத்தும் தெரியாது. அதனாலேயே அந்தத் தொழிற்சாலையில் வாய்பாட்டை ஒழுங்காகப் பார்க்கிற ஒரே ஆண்மகன் அவர்தான். கோலத்தையும் கோலத்தையும் ஒப்பிடுவதுபோல, சீட்டை மூட்டையோடு சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு வளைவாக விரல் வைத்து நகர்வார். அன்று விரல் பாதியில் நின்றது.

முதல் லாரி நின்றது. பின்னால் இரண்டு லாரியும் நின்றன. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர்கள் இறங்கி வந்தார்கள். முதலாளியும் வந்தார், வெயிலில் நடந்து பழக்கமில்லாத வேகத்தோடு.

“நீலம் தெரியல உனக்கு? ஜிப்சம்தான், விடு.”

“நீலம் தெரியுது முதலாளி” என்றார் ஒத்துப்பார். “சீட்டுல நிறம் போடலீங்களே. பேரும் ஒத்துவரல. இங்க சின்னதா ஒரு புள்ளி இருக்கணும், இல்ல. இந்தப் பக்கம் ரெண்டு எழுத்தே குறையுது. நான் என்ன செய்ய, பலகை நீங்க மாட்டினது.”

முதலாளி குனிந்து படித்தார். அவர் தம் மூட்டையைப் படித்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். தகட்டக்காவைக் கூப்பிட்டனுப்பினார். அவள் கை துடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் வந்தாள்.

“என்ன எழுதி வச்சிருக்க?”

“உள்ள இருக்கறத.”

“நான் சொன்னது என்ன? திருத்து இத.”

“என்ன தப்புன்னு சொல்லுங்க, இப்பவே திருத்தறேன்.”

அதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை. மூன்று ஓட்டுநர்களும், ஒரு கிளீனரும், சும்மா வேடிக்கை பார்க்க வந்த சுமைகாரர்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூட்டைக்குள் ஜிப்சம் இருக்கிறது என்று சொன்னால், பிரித்துக் காட்டு என்பார்கள். சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்றால், எழுத்து சரி. உயரமான ஓட்டுநர் ஒருவர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்து, அப்படியென்றால் உள்ளே என்னதான் இருக்கிறது, வாங்குகிறவரிடம் நான் என்ன சொல்ல என்று நியாயமாகக் கேட்டார்.

கெமிஸ்ட் வரட்டும் என்றார் முதலாளி. கெமிஸ்ட் வந்தார். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, மூட்டையில் இருப்பது ஜிப்சம், மேலே எழுத்து தவறிவிட்டது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கெமிஸ்ட் தாளைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார்.

“எழுத்துல தப்பு இல்ல சார்” என்றார். “உள்ள இருக்கறது அதுதான்.”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. உயரமான ஓட்டுநர் போனை எடுத்து வாங்குகிறவருக்குப் பேசிவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் கொட்டகைக்கே கேட்டது. அரைமணியில் முதலாளி தார்ப்பாயைப் பிரிக்கச் சொன்னார். அறுநூறு மூட்டையையும் இறக்கி வைத்துவிட்டு, புதுச் சாக்கு எடுத்தார்கள். தகட்டக்கா சாப்பாட்டுப் பையிலிருந்து ஜிப்சம் தகட்டை எடுத்தாள். இந்த முறை சாக்கில் மை வைப்பதற்கு முன்னால் குழாயடிக்குப் போய் ஒரு கைப்பிடித் தூளை அள்ளித் தேய்த்துப் பார்த்தாள். வழுக்கியது. மை காய நேரமில்லாததால் அன்றைக்கு எல்லா எழுத்தும் கொஞ்சம் ஈஷிக்கொண்டு போனது. இருபத்தாறு வருஷத்தில் அவள் செய்த அசிங்கமான வேலை அதுதான். முதல் நூறு மூட்டை தம்பிக்குப் போகாமல் அடுத்த சாக்கைத் தொடமாட்டேன் என்று நின்றாள். இருநூறு கேட்டேனே என்றதற்கு, இறைக்காத நூறைத் திருப்பிக் கொடுத்தால் நூறு தருவேன், மண்ணில் உழுததை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது என்று முதலாளி கேட்டார். ஏமாந்தவன் சீக்கிரம் உழுதது அவன் குற்றம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நூறுக்கு ஒத்துக்கொண்டாள். அந்தக் கடி இன்னும் விடவில்லை.

அன்று மாலை வீட்டில் அவள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக உப்புப் போட்டுப் பரிமாறினாள். கொஞ்சம் இளகித்தான் இருந்தாள். வாசலில் எனக்காகவா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். கெமிஸ்ட் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அன்று எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“உனக்காகன்னு இல்ல. பொய்யான காகிதத்துல நான் கையெழுத்துப் போடறதில்ல.”

“அப்ப போன வாரம் போட்டது?”

“அது உண்மை. முப்பத்தெட்டு சதவீதம். வேணும்னா நீயே சோதிச்சுப் பாரு.”

ஒரு மனிதன் முழு யோக்கியனாக இருந்துகொண்டே இவ்வளவு அயோக்கியத்தனம் செய்ய முடியும் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துவிட்டாள். பாதி சாப்பாடு மிச்சம் இருந்தது.

மறுநாள் முதலாளி அவளுக்குத் தண்டனை கொடுத்தார். இனிமேல் சாக்குகள் வெளியிலிருந்து அச்சாகியே வரும், மேலே கம்பெனிப் பெயர் மட்டும், வாய்பாடு வேண்டாம், யாரும் படிப்பதில்லை. தகடுகளைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டு, அவளைத் தையல் மேடைக்கு மாற்றினார். வேலையில் கீழிறக்கம். தையலம்மா ஒரு ஊசியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, வா, உள்ளே இருப்பதை நானும் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், என்னை யார் கேட்டார்கள் என்றாளாம். முதலாளி யோசிக்காத விஷயம் அது. எழுதுகிறவளிடம் வெறும் சாக்குதான் வரும். தைக்கிறவளிடம் வாய் திறந்த மூட்டை வரும், ஒவ்வொன்றும். தகட்டக்கா மடியில் பாதி எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. தம்பி புதன், வியாழன் இரண்டு நாளும் குடும்பத்தோடு இறங்கி, நூறு மூட்டையையும் மீதி நாலு ஏக்கரில் இறைத்து உழுது முடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கெமிஸ்ட்டை எழுப்பி, கிளம்புங்க என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. அந்த வாரத்தில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

நிலத்தின் நடுவில் ஒரு வரப்பு. இருபுறமும் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. வலப்பக்கம், சுண்ணாம்புக்கல் போட்ட பாதி, எப்போதும் போலப் பால் காபி நிறத்தில் கலங்கிக் கிடந்தது; விரலை விட்டால் நகம் தெரியாது. இடப்பக்கம் தண்ணீர் தெளிந்திருந்தது. குளத்தடியில் தெரிகிற மாதிரி, கீழே உழுத மண்ணின் கட்டிகள் தனித்தனியாகத் தெரிந்தன. சேறு திரண்டு அடியில் உட்கார்ந்துவிட்டிருந்தது. ஒன்றிரண்டு இடங்களில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, ஈர வட்டம் மட்டும் மிச்சமிருந்தது.

நேற்றே நிலக்காரர் குடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார் என்றான் தம்பி. இந்தப் பாதி உனக்கு, பயிர் வை என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பாதியை அறுவடை முடிந்ததும் வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறாராம். தம்பி சிரிக்கப் பார்த்தான். நாலு ஏக்கர் மிஞ்சியதே என்று சொல்லிவிட்டு, கலங்கல் பக்கம் திரும்பாமல் நின்றான்.

தகட்டக்கா கலங்கல் தண்ணீரைக் கணவருக்குக் காட்டினாள்.

“பாருங்க. முப்பத்தெட்டு சதவீதம்.”

கெமிஸ்ட் வரப்பின் மேல் குந்தினார். பிறகு சட்டைப்பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தார். அந்த மனிதர் கல்யாணத்துக்கே குழாயோடு வந்தவர். ஒன்றில் தெளிந்த தண்ணீர், ஒன்றில் கலங்கல். தக்கையால் அடைத்தார். நாளைக்கு முதலாளி மேசையில் வைத்து, அந்தப் பாதிக்கும் நூறு மூட்டை கேட்கப் போவதாகச் சொன்னார். சொல்லும்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“பேர் எழுதி ஒட்டணும்” என்றார். “எது எதுன்னு தெரியாமப் போயிரும். நீ எழுதித் தாயேன்.”

“நான் தைக்கிறவ” என்றாள் அவள். “நீங்களே எழுதுங்க. எழுதிட்டுக் கையெழுத்தும் போடுங்க.”

அவர் பேனாவை எடுத்தார். அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெளிந்த பக்கமாக இறங்கி நடந்தாள்.